லோகேஸ்வரி டீச்சரின் பீங்கான் பூச்செடி

செய்தி வியாழக்கிழமை காலை இடைவேளையில் வந்தது. வட்டவளையிலிருந்து லோகேஸ்வரி டீச்சரின் தம்பி தொலைபேசியில் பேசினார். "டீச்சர், அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. ரொம்பக் கஷ்டப்படல. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். ஸ்கூல்ல யார் யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியல, நீங்களே சொல்லிருங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். மைதானத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளை முடியும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் படித்த, அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் என்னிடம் பாக்கி இருக்கிறது. அதை இத்தனை வருடம் உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானுஓயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அவர் கணித ஆசிரியராக வந்தபோது நான் அங்கே இரண்டு வருடம் முந்தியவள். வட்டவளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் வரிசை வீட்டில் பிறந்து, தேயிலைக் கொழுந்து எடுத்த தாயின் உழைப்பில் படித்து வந்தவர். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வந்த முதல் வருடமே விளையாட்டு மாஸ்டரோடு அவருக்குத் தகராறு வந்துவிட்டது. பரப்பளவு படிப்பிப்பதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கயிறோடு மைதானத்துக்கு அழைத்துப் போனவர், ஓட்டப் பாதையையும் அளந்து பார்த்தார். இருநூறு மீட்டர் என்று நாங்கள் வருடக்கணக்காக ஓடவிட்ட பாதை ஏழு மீட்டர் குறைவாக இருந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். "நம்ம பிள்ளைங்க இங்க ஜெயிச்சிட்டு வெளிய போய்த் தோத்துட்டு வருதுங்க. வந்ததும் நாம அதுங்களைத் திட்டுறோம். கடைசி ஏழு மீட்டரை நாமதானே அதுங்களுக்குக் காட்டவே இல்ல?"

விளையாட்டு மாஸ்டர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் பாதை திருத்தி வரையப்பட்டது. அந்த வருடம் வெளியே போன பிள்ளைகளில் ஒருத்தி மூன்றாவதாக வந்தாள். மாஸ்டர் அந்தச் சான்றிதழை லோகேஸ்வரி டீச்சரிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினார்.

பீங்கான் பூச்செடியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அவரிடம் படித்த ஒரு பெண், பனி கொட்டும் நாடொன்றில் ஆஸ்பத்திரித் தாதியாக வேலை செய்கிறாள். அவள் ஒரு முறை கடித உறைக்குள் பதினொரு விதைகள் வைத்து அனுப்பியிருந்தாள். செம்பருத்தி விதைகள்தாம், ஆனால் நம் வேலியோரச் செம்பருத்தி அல்ல. குளிர் வந்ததும் தரையோடு கருகி, வேரில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி எழும்புகிற இனம். டீச்சர் நகவெட்டியால் விதைகளின் ஓரத்தைக் கீறி, ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். மூன்று முளைத்தன. ஒன்று பிழைத்தது. அதைத் தன் குவாட்டர்ஸ் வாசலில், வெயில் அதிக நேரம் விழும் மூலையில் நட்டார்.

இரண்டாம் வருடம் ஆகஸ்ட் மாதத்தில் முதல் பூ விரிந்தது. கருஞ்சிவப்பு. இரண்டு கையையும் சேர்த்து விரித்தால்தான் தாங்க முடியும். ஒரு நாள்தான் இருக்கும், மாலையில் சுருங்கிவிடும் என்பதால், வகுப்பு வகுப்பாக வரிசையில் வந்து பார்க்கச் சொன்னார். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, "டீச்சர், சோறு திங்கிற பீங்கான் அளவு இருக்கே!" என்றது. சாப்பாட்டுத் தட்டை எங்கள் பக்கம் பீங்கான் என்போம்; அன்றோடு அதற்குப் பெயர் அமைந்துவிட்டது.

எங்கள் மலையில் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் துகள்பனி விழும். விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்திருக்கும். வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். வேலியோரச் செம்பருத்திகள் அந்தப் பருவத்தில் பாதிக்கு மேல் பட்டுப்போகும். டீச்சர் ஒக்டோபரிலேயே தன் செடிக்கு உரம் போடுவதை நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் உரம் போட்டால் இளந்தளிர் விட்டு, பனிக்கு முதல் பலியாகும் என்பார். தண்டு பச்சையாக இருக்கும்போது கத்தி வைக்கமாட்டார். முதல் பனியில் அது கறுத்த பிறகுதான் தரையிலிருந்து அரைச் சாண் விட்டு வெட்டுவார். வேர்ப்பக்கம் ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த மாணாப்புல்லையும் சருகையும் முழங்கால் உயரத்தில் பாதி அளவுக்குக் குவிப்பார். மேலே ஒரு உரச்சாக்கு, நான்கு மூலைக்கும் நான்கு கல். ஈரப்புல் போட்டால் வேர் அழுகிவிடும் என்று ஒவ்வொரு கைப்பிடியையும் முகத்தில் வைத்துப் பார்ப்பார்.

பாடசாலை வாச்சர் முனியாண்டி அண்ணன் அதைப் பார்த்து ஒரு நாள் சிரித்தார். "என்னாங்க டீச்சர், செத்துப்போன குச்சிக்குப் போய் இம்புட்டுப் பாடா?"

"ஏன் அண்ணே, தேயிலைய மொட்டையா வெட்டிக் கவ்வாத்து பண்றீங்களே, செத்துப்போச்சுன்னு மலைய விட்டுட்டா போறீங்க?"

அடுத்த வருடத்திலிருந்து மாணாப்புல் அறுத்துக் காயவைத்துக் கொடுத்தது அண்ணன்தான்.

ஒரு நவம்பரில் டீச்சருக்கு நோய் தெரிந்தது. கொழும்பில் வைத்தியம், ஆறேழு மாதமாகும் என்றார்கள். போவதற்கு முதல் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார். நான் அப்போது பதில் அதிபராகப் பாடசாலைப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாந்தி டீச்சர், பிள்ளைங்களை நீங்க பாத்துக்குவீங்க, தெரியும். இதையும் பாத்துக்கங்க. வெட்டுறது, மூடுறது எல்லாம் முனியாண்டி அண்ணனுக்குத் தெரியும். மார்ச்ல பனி நின்னதும் மூடாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருங்க. அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க."

"ஒண்ணும் செய்யாம?"

"ஒண்ணும் செய்யாம. அதுதான் கஷ்டம். மத்தச் செடியெல்லாம் தளிர்த்திரும், இது மட்டும் குச்சியா நிக்கும். பழைய தண்டுல தளிர் வராது, பாத்து ஏமாந்துறாதீங்க. வேர்ல இருந்துதான் வரும். மே மாசம் கடைசி ஆகும். சில வருசம் ஜூன்கூட ஆயிரும்."

நான் தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, "மறந்துறாதீங்க" என்றார்.

பனிக்காலத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. முனியாண்டி அண்ணன் வெட்டினார், நான் பக்கத்தில் நின்று சாக்கு விரித்தேன். மூடியதைக் கைபேசியில் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். "கல்லு ஒண்ணு சின்னதா இருக்கு, மாத்துங்க" என்று பதில் வந்தது. மாற்றினேன்.

பெப்ரவரிக்குப் பிறகு அவரிடமிருந்து பதில்கள் நின்றுவிட்டன. தம்பியைக் கேட்டால், "டொக்டர்மார் கையை விரிச்ச மாதிரிதான் பேசுறாங்க டீச்சர். மெலிஞ்சு ஆளே அடையாளம் தெரியாமப் போய்ட்டாங்க" என்று அழுதார். மார்ச்சில் அவருடைய இடத்துக்குப் புதிய கணித ஆசிரியர் ஒருவர் வந்தார். ஹட்டனிலிருந்து கைக்குழந்தையோடு தினமும் பஸ்ஸில் வந்து போனார். பாவமாக இருந்தது. பாடசாலையில் பூட்டிக் கிடந்த ஒரே குவாட்டர்ஸ் லோகேஸ்வரி டீச்சருடையது.

நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பூட்டைத் திறந்து, அவருடைய புடவைகளையும் புத்தகங்களையும் பாத்திரங்களையும் எட்டுப் பெட்டிகளில் கட்டிக் களஞ்சிய அறைக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் புதிய டீச்சருக்குக் கொடுத்தேன். பதினொராம் வகுப்பின் பாட நேரசூசியில் அவர் பெயரை எடுத்துவிட்டுப் புதியவரின் பெயரை எழுதினேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, குழந்தை குளிரில் அலைகிறது என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் உண்மையானவைதாம். ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்தது ஒன்றுதான். அவர் திரும்பி வரமாட்டார் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு முந்திய வாரம் புதிய டீச்சரின் கணவர் குழந்தைத் துணி காயப்போடக் கொடி கட்ட வந்தார். கம்பம் நட வசதியான இடம் அந்த வெயில் மூலைதான். "இது செத்த செடிதானே டீச்சர்?" என்று கேட்டார். சுற்றிலும் எல்லாம் தளிர்த்திருந்தது. இது மட்டும் ஐந்தாறு சாம்பல்நிறக் குச்சிகளாக நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் காய்ந்திருந்தது. பழைய தண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு இலகுவாக இருக்கும். மறக்கவில்லை.

மண்வெட்டியை நானே வாங்கிக் கொத்தினேன். இலேசாக வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. ஓங்கிக் கொத்த வேண்டியிருந்தது. வேர்க்கட்டை மரவள்ளிக் கிழங்கு போலக் கனமாக வெளியே வந்தது. மண்வெட்டி பட்ட இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தேன். திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளியிருக்கலாம். அந்த மனிதர் கம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "ஆமா, செத்ததுதான்" என்று சொல்லி அதைச் சரிவில் வீசினேன். ஆசிரியர் அறையில் எல்லோரிடமும், "டீச்சரோட செடி பனியில போயிருச்சு" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். சிலர் கண் கலங்கினீர்கள்.

மே மாதம் மூன்றாம் வாரத்தில், முதல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி மெல்ல ஏறி வந்தார். யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து, "என்னா சாந்தி டீச்சர், அடையாளம் தெரியலையா?" என்ற பிறகுதான் தெரிந்தது. குரல் அப்படியே இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். உண்மையான சந்தோஷம்தான் அது. ஆனால் என் முகம் அவருடைய தோளில் இருந்தபோதே, எட்டுப் பெட்டிகளும் என் நினைவுக்கு வந்துவிட்டன.

அவர் நேரே பதினொராம் வகுப்புக்குப் போனார். உள்ளே புதிய டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கவனிப்பதற்கு முன் விலகி வந்தார். பிறகு குவாட்டர்ஸ் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கொடியில் குழந்தைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் கம்பத்தின் அடியையே பார்த்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"ஏப்ரல் லீவுக்கு முந்தி."

"மே கடைசின்னு சொன்னேனே."

"சொன்னீங்க டீச்சர்."

அவர் குனிந்து கம்பத்தைச் சுற்றியிருந்த மண்ணைத் தொட்டார். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் செத்துருவேன்னு நெனச்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்லைங்க டீச்சர்! அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

அவர் கொடியின் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்று துணிகளைக் காட்டிக் கேட்டார்.

அன்று நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் எதையும் தாங்கக்கூடியவர். ஓட்டப் பாதை ஏழு மீட்டர் குறைகிறது என்று சபையில் எழுந்து சொன்னவருக்கு, ஒரு சிநேகிதி தன்னைப் பற்றி நினைத்த தவறைக் கேட்கவா முடியாது? ஆமாம் என்றிருந்தால் திட்டியிருப்பார். இரண்டு பேரும் அழுதிருப்போம். அது அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

குவாட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க நான் ஏற்பாடு செய்தபோது வேண்டாம் என்றார். "கைப்பிள்ளக்காரிய எங்க போகச் சொல்வீங்க?" பசாரில் ஒரு கடைக்காரர் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். பதினொராம் வகுப்பையும் வாங்கிக்கொள்ளவில்லை. "அதுங்க அவங்களுக்குப் பழகிருச்சு. எனக்கு ஆறாம் வகுப்பைக் கொடுங்க." அதன்பின் நான்கு வருடம் பின்னம் படிப்பித்தார். அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஒரு ரொட்டியை எப்படி வெட்டினாலும் அவர்களை ஏமாற்ற முடியாது.

என்னோடு அவர் கோபித்துக்கொண்டதில்லை. மதியம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார். ஆனால் மெல்ல ஒன்று எனக்குத் தெரிய வந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. முன்பெல்லாம், "டீச்சர், ஒரு ஊசி இருக்கா", "டீச்சர், என் பாடத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று நாளுக்கு நாலு தரம் கேட்பவர். அதன்பின் கிளினிக் போகும் நாட்களில்கூட வேறு யாரையாவது துணைக்கு அழைத்துப் போனார்.

அந்தத் தாதிப் பெண் மறுபடி விதை அனுப்பட்டுமா என்று எழுதியிருந்தாளாம். அதை அவரே சொன்னதால் எனக்குத் தைரியம் வந்தது. "பாடசாலைத் தோட்டத்துல போடுவோம் டீச்சர். இடம் நானே கொத்தித் தாறேன்" என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "வேணாங்க டீச்சர். அப்புறம் கிளினிக், ஆஸ்பத்திரின்னு போறப்ப, மறுபடியும் யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்."

அவர் குத்திக்காட்டவில்லை. குரலில் அப்படி எதுவும் இல்லை. தன் நிலைமையைச் சொன்னார், அவ்வளவுதான். என்னால் மிச்சச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை.

நோய் திரும்ப வந்தபோது ஓய்வு வாங்கிக்கொண்டு வட்டவளைக்குத் தம்பி வீட்டுக்குப் போனார். போன மாதம் போய்ப் பார்த்தேன். ரயிலில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். விடாமல் மழை. கட்டிலில் சாய்ந்தபடி பரீட்சை முடிவுகளைப் பிள்ளை பிள்ளையாகப் பெயர் சொல்லி விசாரித்தார். அவருடைய தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த தரம் ஒரு நாள் முழுக்க இருக்கிற மாதிரி வாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "வாங்க" என்றார்.

இனி அந்த நாள் இல்லை. ஆகவே உங்கள் முன் சொல்கிறேன். செடியைப் பனி கொல்லவில்லை. வேரில் உயிர் இருந்ததைப் பார்த்த பிறகும் நான்தான் பிடுங்கி எறிந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு, ஆமாம் டீச்சர், அப்படித்தான் நினைத்தேன். பனி என்று நான் சொன்னதை நீங்கள் அவரிடம் போய்ச் சொல்லித் துக்கம் விசாரித்தபோதெல்லாம் அவர் மறுத்துப் பேசவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவுமில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் வாசலில் நின்று கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இறுதிச் சடங்கு முடிந்து திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தேன். எட்டாம் வகுப்பு ஆசிரியர் வரவு இடாப்போடு என் அறைக்கு வந்தார். அவருடைய வகுப்பில் ஒரு பெண்பிள்ளை ஐந்து மாதமாகக் கண்டியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"டீச்சர், ரெண்டு புதுப் பிள்ளைங்க வந்திருக்கு. ஒரு கதிரை குறையுது. அந்தப் பிள்ள இனி வர்றது சந்தேகம்னு சொல்றாங்க. பேரை வெட்டிட்டு, கதிரையக் கொடுத்துரவா?"

"பேரை வெட்டாதீங்க. கதிரை அது இடத்துலயே இருக்கட்டும். இதைக் கொண்டு போங்க" என்று நான் உட்கார்ந்திருந்த கதிரையை இழுத்துக் கொடுத்தேன்.

"அப்ப எத்தன நாளைக்குங்க டீச்சர் வச்சிருக்கிறது?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று பாடசாலை விடும்வரை நான் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.